தித்திக்கும் கிழங்கும் தித்திக்காத கிழங்கும்

பேராக்கில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கிழங்குகள் தவறாமல் வந்துவிடும்: மரவள்ளி, சர்க்கரைவள்ளி. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. அடுத்த புத்தாண்டு பிறந்தபோது கம்பாரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலாயா தின்ற அரிசியில் பாதிக்கும் மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. அது அருகிப்போனது. ரப்பர் வாங்க ஆளில்லாததால் தோட்டங்களில் பால்வெட்டும் படுத்துவிட்டது. லயத்துப் பின்புறத்திலும், பால்மரத்தை வெட்டிச் சாய்த்த இடத்திலும், ஈயக் குட்டைகளைச் சுற்றிய மணல்மேட்டிலும் கிழங்கு ஊன்றிப் பிழைத்தார்கள்.

அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு மரவள்ளி என்றாலே முகம் சுளிக்கும். சோற்றுக்குப் பதில் அது, மாவுக்குப் பதில் அது, மூன்று வேளையும் அது என்றிருந்த வெறுப்பு பின்னால் நல்ல காலம் வந்தும் போகவில்லை. சர்க்கரைவள்ளி மேல் அந்த வெறுப்பு படியவில்லை. அதே அடுப்பில், அதே சாம்பலில் வெந்த கிழங்குதான். ஆனால் அது தித்தித்தது.

ஒன்று தித்திக்கவும் மற்றது தித்திக்காமல் இருக்கவும் காரணம் ஒரு நொதி. அந்த நொதியைப் பின்தொடர்ந்து போனால் ஒரு முரண்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தும். வாய்க்குப் பிடித்த கிழங்கை ஆலை அவ்வளவாகச் சீந்தவில்லை. நாக்கு வெறுத்த மரவள்ளியைத்தான் ஆலை அள்ளிக்கொண்டது. இந்த ஒப்பீட்டில் எனக்குச் சுவையாகப் படுவது இந்த இடம்தான்.

மாவுச்சத்தைக் கட்டும் வேலையில் இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். இலையில் உண்டான சர்க்கரை தண்டு வழியாக இறங்கிக் கிழங்குக்கு வருகிறது. அங்கே ஒரு நொதி குளுக்கோஸை மாவுச்சத்து ஆக்குவதற்குத் தோதான வடிவத்துக்கு மாற்றுகிறது. மாவாக்க நொதிகள் என்ற ஒரு குடும்பம் அந்தக் குளுக்கோஸை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து நீட்டுகிறது. கிளையாக்க நொதி இடையிடையே வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டவைக்கிறது. அப்படிக் கிளை கிளையாக வளர்வது அமைலோபெக்டின். மாவுமணியோடு ஒட்டிக்கொண்டே வேலை செய்யும் இன்னொரு மாவாக்க நொதி, கிளை இல்லாத நீள இழையான அமைலோஸை உண்டாக்குகிறது. இரண்டு கிழங்கிலும் அமைலோஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, மீதி அமைலோபெக்டின். பச்சை மரவள்ளியில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்குவரை மாவுச்சத்து இருக்கும். சர்க்கரைவள்ளியில் அதைவிடக் குறைவு, தண்ணீர் கூடுதல். மாவை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு கிண்ணத்தில் வைத்தால் சமையல்கட்டில் நிற்பவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது.

உடைக்கும் வேலையில்தான் இரண்டும் பிரிகின்றன.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உள்ள புரதங்களில் அளவில் முதலாவது ஸ்போராமின் என்ற சேமிப்புப் புரதம். அதற்கு அடுத்தபடி நிறைய இருப்பது பீட்டா அமைலேஸ் என்ற நொதி. மாவுச்சத்து இழையின் ஒரு நுனியைப் பிடித்து, இரண்டிரண்டு குளுக்கோஸாகச் சீவிக்கொண்டே போவது அதன் வேலை. பால்வெட்டுக்காரர் மரத்தை எங்கும் கொத்தாமல், நேற்று விட்ட கோட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய பட்டையாகச் சீவிக்கொண்டு போவதைப் போன்றது இது. ஒவ்வொரு சீவலிலும் உதிரும் இரட்டைக் குளுக்கோஸ்தான் மால்ட்டோஸ் என்ற சர்க்கரை. கிளை பிரியும் கணுவை எட்டியதும் பீட்டா அமைலேஸ் நின்றுவிடும். அதைத் தாண்ட அதற்குத் தெரியாது. கணுக்களோடு மிஞ்சும் மிச்சம் அப்படியே கிடக்கும். ஆல்ஃபா அமைலேஸ் என்ற இன்னொரு நொதியின் போக்கு வேறு. அது இழையின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். வெட்டிய இடமெல்லாம் புதிய நுனி ஆகிவிடுவதால் பீட்டாவுக்கும் வேலை கூடும். சர்க்கரைவள்ளியில் இரண்டும் உண்டு.

பச்சைக் கிழங்கில் இந்த நொதி இருந்தும் கிழங்கு பாகாக உருகிவிடுவதில்லை. பச்சை மாவுமணி இறுக்கமானது, பீட்டா அமைலேஸால் அதைக் கடிக்க முடியாது. சூடு ஏறி, மாவுமணி தண்ணீரை உறிஞ்சி உப்பி, கூழாகத் தொடங்கும்போதுதான் இழைகள் அதன் கைக்கு எட்டுகின்றன. ஆனால் சூடு இன்னும் ஏறினால் நொதியே செத்துவிடும். ஆக, கூழாகும் சூட்டுக்கும் நொதி சாகும் சூட்டுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி, ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 75 டிகிரிவரை. கிழங்கு அந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு தித்திப்பு. லயத்து விறகடுப்பில் சோறு இறக்கிய பிறகு சாம்பலுக்குள் புதைத்த கிழங்கு, மெல்ல மெல்ல வெந்து, தோலில் பிசுபிசுவென்று பாகு கசிய வெளியே வந்ததற்கு இதுதான் காரணம். அதே கிழங்கை மைக்ரோவேவில் வைத்தால் சில நிமிடங்களில் சூடு அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். கிழங்கு வெந்திருக்கும், தித்திப்பு பாதியில் நின்றிருக்கும். மால்ட்டோஸின் இனிப்பு சீனியின் இனிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கிழங்கில் அது சேரும் அளவு அதிகம் என்பதால் நாக்கு ஏமாறுவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஜப்பானியர்களே சாட்சி வைத்திருக்கிறார்கள். அங்கே சத்சுமாஹிகாரி என்றொரு சர்க்கரைவள்ளி ரகம் உண்டு. அதன் கிழங்கில் பீட்டா அமைலேஸ் இல்லை. வேகவைத்தால் தித்திப்பதும் இல்லை. 2002ல் வந்த குயிக் ஸ்வீட் என்ற ரகம் அதற்கு நேர் எதிர். அதன் மாவுச்சத்து மற்ற ரகங்களைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைந்த சூட்டிலேயே கூழாகத் தொடங்குகிறது. மாவைக் கட்டும் நொதிகளில் ஒன்று அதில் மந்தமாக வேலை செய்வதால் அமைலோபெக்டினின் கிளைகள் குட்டையாகிவிட்டன. அதனால் மாவுமணி எளிதில் அவிழ்கிறது. நொதிக்குக் கிடைக்கும் இடைவெளி அகலமாகிறது. அவசரமாக மைக்ரோவேவில் வைத்தாலும் தித்திக்கிறது. உடைக்கும் நொதியைத் தொடாமல், கட்டும் நொதியில் வந்த ஒரு மாற்றத்தால் இனிப்பைக் கூட்டிய இந்த ரகத்தை நினைக்கும்போதெல்லாம் வியப்பு வருகிறது.

1946ல், ஜப்பான்காரன் மலாயாவை விட்டுப் போய் ஓராண்டு ஆகும் நேரத்தில், அமெரிக்காவில் பால்ஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் சர்க்கரைவள்ளியிலிருந்து இந்த நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு அது. இன்றும் புரதங்களின் எடையை அளக்கும் ஆய்வுக்கூடங்களில், 2 லட்சம் டால்டன் என்ற அளவுக்கு அடையாளக் கல்லாகச் சர்க்கரைவள்ளியின் பீட்டா அமைலேஸைத்தான் குப்பியில் விற்கிறார்கள்.

இனி மரவள்ளி. மாவை உடைக்கும் நொதிகள் அதில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரைவள்ளியோடு ஒப்பிட்டால் சொற்பம். அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு மாவாகவே இருக்கிறது. மரவள்ளியில் சுறுசுறுப்பான நொதி வேறொன்று, லினமரேஸ். கிழங்கின் உயிரணுக்களுக்குள் லினமரின் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் லினமரேஸ் உயிரணுச் சுவரிலுமாகப் பிரிந்திருக்கும். சீவினாலோ துருவினாலோ இரண்டும் கலக்கும். அப்போது ஒரு குளுக்கோஸும், தொடர்ந்து ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். அந்த நஞ்சு 26 டிகிரியிலேயே ஆவியாகக் கூடியது. மரவள்ளியைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான்.

இரண்டு கிழங்கிலும் நொதிக்கு அவகாசம் கொடுப்பதே சமையலின் சூட்சுமம் என்பது இங்கே பிடிபடும். சர்க்கரைவள்ளியை மெல்லச் சூடாக்கினால் இனிப்பு வரும். மரவள்ளியைப் பெரிய துண்டாகக் கொதிநீரில் போட்டால், லினமரேஸ் தன் வேலையை முடிக்கும் முன்பே செத்துவிடும். உடையாத லினமரின் கிழங்கிலேயே தங்கும். கசப்பு ரகங்களைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, அதன் பிறகே சமைக்கும் வழக்கம் மரவள்ளி தின்னும் நாடுகளில் எல்லாம் இருக்கிறது. இனிப்பு ரகங்களுக்கு வேகவைத்து வடிப்பதே போதும்.

ஏன் இந்த வேறுபாடு என்று செடியிடமே கேட்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மண்ணில் புதைத்தால் முளைவிடும், அதிலிருந்து புதுக்கொடி வரும். சேமித்த மாவை ஒருநாள் அவிழ்த்து அந்த முளைக்கு ஊட்ட வேண்டும். மரவள்ளிக் கிழங்கோ முளைக்காது. மரவள்ளி நட வேண்டுமானால் தண்டைத்தான் துண்டு துண்டாக வெட்டி ஊன்ற வேண்டும். மாவைக் கொட்டி வைத்தது அந்த வேர், திருப்பிக் கொடுக்கும் அவசரம் அதற்கு இல்லை. இந்த விளக்கம் என் மனத்துக்குப் பிடித்தது. ஆனாலும் முழுக்க நம்பிவிட முடியாது. பீட்டா அமைலேஸ் இல்லாத சத்சுமாஹிகாரியும் நன்றாகவே வளர்கிறது. பச்சை மாவுமணியைக் கடிக்கத் தெரியாத ஒரு நொதியை அந்தக் கிழங்கு ஏன் இவ்வளவு செய்து வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு, அதுவும் ஒருவகைச் சேமிப்புப் புரதமே என்ற பதிலும் உண்டு.

முளைக்காத வேர் என்பதற்கு மரவள்ளி வேறொரு விலையும் கொடுக்கிறது. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கருப்புக் கோடுகள் ஓடிக் கிழங்கு வீணாகிவிடும். சர்க்கரைவள்ளியை நிழலில் வாரக்கணக்கில் வைக்கலாம்; வைக்க வைக்க இனிப்பும் கூடும். ஆனால் மரவள்ளிக்கு அந்தப் பஞ்ச காலத்தில் பெரிய நன்மை ஒன்று இருந்தது. சர்க்கரைவள்ளி நான்கு மாதத்தில் விளைந்துவிடும், விளைந்ததும் பிடுங்கிவிட வேண்டும், தாமதித்தால் கூன்வண்டு துளைக்கும். மரவள்ளிக்கு ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். விளைந்த பிறகும் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து, வேண்டும்போது வேண்டியதை மட்டும் பிடுங்கலாம். 1948ல் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கும் கிழங்கே சோறானது. அவர்களுடைய விளைநிலங்களைத் தேடித் தேடிப் பிரிட்டிஷார் பிடுங்கினார்கள், களைக்கொல்லியும் தெளித்தார்கள்.

சத்து என்று பார்த்தால் இரண்டு கிழங்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மரவள்ளியில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். சர்க்கரைவள்ளியில் கொஞ்சம் கூடுதல். ஆரஞ்சு நிறக் கிழங்கானால் வைட்டமின் ஏயும் சேரும். மரவள்ளி மட்டுமே தின்ற வயிறு நிறைந்திருக்கும், கால் வீங்கியிருக்கும்.

இதுவரை சர்க்கரைவள்ளியின் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கிறது. ஆலை வாசலுக்குப் போனால் தட்டு மாறிவிடும்.

மாவு ஆலைக்காரருக்கு வேண்டியது வெள்ளையான, மணம் சுவை இல்லாத, எளிதில் பிரியும் மாவுச்சத்து. மரவள்ளியைத் துருவித் தண்ணீர் விட்டு அலசினால் பால் போல மாவு இறங்கிவிடும். புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு என்பதால் அவற்றை நீக்கும் செலவில்லை. லினமரின் தண்ணீரில் கரைந்து போய்விடும், அதனால் கசப்பு ரகமும் ஆலைக்கு ஆகும். கழிவுநீர் போய்ச் சேரும் ஆற்றின் கதை வேறு. சர்க்கரைவள்ளியை அப்படித் துருவினால் வேறொரு நொதிக் கூட்டம் புகுந்து மாவைப் பழுப்பாக்கும். பாலும் பிசினும் ஒட்டும். கிழங்கிலேயே இருக்கும் சர்க்கரை தண்ணீரோடு போய் நஷ்டமாகும். அலசாமல் மாவாக அரைத்தாலோ, கூழ் காய்ச்சும்போது உள்ளிருக்கும் அமைலேஸ் இழைகளை வெட்டிக் கூழை நீர்க்கச் செய்துவிடும். அடுப்பில் வரமாக இருந்தது ஆலையில் தொல்லையாகிறது. சர்க்கரைவள்ளி மாவில் கொரியர்கள் கண்ணாடி போன்ற சேமியா செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உலகச் சந்தையில் கிழங்கு மாவு என்று வரிசை கட்டினால் மரவள்ளி எங்கோ முன்னால் நிற்கிறது.

இந்த இடத்தில் சேலத்தைச் சொல்லாமல் நகர முடியாது. போருக்கு முன் இந்தியாவுக்கு ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் மலாயாப் பக்கத்திலிருந்து கப்பலில் போயின. போரில் கப்பல் நின்றது. 1943ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்து தொழில் நுணுக்கம் அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவரின் துணையோடு மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கினார் என்பது அந்தத் தொழிலின் பிறப்புக் கதை. பேராக்கில் தமிழர்கள் வேறு வழியில்லாமல் மரவள்ளி தின்ற அதே ஆண்டுகளில், மலாயாவில் கற்ற கைத்திறன் சேலத்தில் ஒரு தொழிலாக முளைத்தது. 1981ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேராக்கிலும் போருக்குப் பின் மாவு ஆலைகள் நடந்தன. பிளாக் டுவிக் என்ற ரகம்தான் ஆலைகளுக்கு நெடுநாள் தீனி போட்டது. செம்பனை லாபம் காட்டியதும் பால்மரத்தோடு மரவள்ளியும் இடம்விட்டு நகர்ந்தது. கிழங்கு மாவு ஏற்றுமதியில் இன்று முதலிடம் தாய்லாந்துக்கு.

தன்னிடம் கத்தி இல்லாத மரவள்ளிக்கு வெளியிலிருந்து கத்தி கொண்டுவருவது புது வேலை அல்ல. மலாய்க்காரர் வீட்டில் செய்யும் தப்பாய் ஊபி அதைத்தான் செய்கிறது. வேகவைத்து ஆறிய மரவள்ளியில் ராகி என்ற வெள்ளை வில்லையைப் பொடித்துத் தூவி, இலையில் பொதிந்து, இரண்டு மூன்று நாள் மூடிவைத்தால் கிழங்கு நெகிழ்ந்து தித்திக்கும், இலேசான போதையும் ஏறும். வில்லையில் இருக்கும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் தங்கள் அமைலேஸ்களைக் கிழங்குக்குள் இறக்கி மாவைச் சர்க்கரையாக்குகின்றன. சர்க்கரைவள்ளி அடுப்பில் ஒரு மணி நேரத்தில் தானாகச் செய்துகொள்ளும் வேலை இது.

இன்றைய ஆலையும் தப்பாயின் வழியில்தான் நடக்கிறது, எல்லாம் பெரிய அளவில். மரவள்ளி மாவையோ சோளமாவையோ தண்ணீரில் கரைத்து, பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் ஆல்ஃபா அமைலேஸைச் சேர்த்து, நீராவியில் 105 டிகிரிவரை சூடாக்குகிறார்கள். எந்தச் செடியின் அமைலேஸும் அந்தச் சூட்டில் நிற்காது, இது நிற்கும். குழம்பு நீர்த்ததும் சூட்டைக் குறைத்து, அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் குளுக்கோஅமைலேஸைச் சேர்த்தால், அது கணுக்களையும் தாண்டி முழுவதையும் குளுக்கோஸாக்கிவிடும். குளிர்பானத்துக்குப் போகும் பாகு, எரிசாராயம், மருந்துக்கான குளுக்கோஸ் எல்லாம் இந்த வழியில் வருகின்றன. நெசவாலையில் பாவு நூலுக்கு மரவள்ளி மாவில் கஞ்சி ஏற்றுவதும், நெய்த பிறகு அமைலேஸ் கரைசலில் முக்கி அந்தக் கஞ்சியை இறக்குவதும் கோயம்புத்தூர்ப் பக்கம் அன்றாடக் காட்சி.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கெல்லாம் செடியின் நொதிதான் இருந்தது. உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியே மாவை உடைக்கும் செடி நொதி. 1833ல் பிரான்சில் பாயேனும் பெர்சோவும் முளைவிட்ட பார்லியிலிருந்து எடுத்தது. அதற்கு டையஸ்டேஸ் என்று பேர் வைத்தார்கள். 1894ல் ஜப்பானியரான தகாமினே ஜோக்கிச்சி அமெரிக்காவில் பூஞ்சையிலிருந்து எடுத்த டையஸ்டேஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு செடிகள் மெல்ல மெல்லக் களத்தைவிட்டு ஒதுங்கின. பயிர் விளைய மாதங்கள் ஆகும், தொட்டியில் பாக்டீரியா வளர்க்க நாட்கள் போதும். இதில் செடி வெல்ல வழியில்லை.

ஒரே ஒரு மூலையில் மட்டும் செடி விட்டுக்கொடுக்கவில்லை. மால்ட்டோஸ் நிறைந்த பாகு வேண்டும் என்றால் பீட்டா அமைலேஸ் வேண்டும். அதை இன்றும் பார்லி, கோதுமை, சோயா, சர்க்கரைவள்ளி ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள். சோயாவின் நொதி பார்லியுடையதைவிடச் சற்றே சூடு தாங்கும் என்பதால் அதற்கு மவுசு அதிகம். ஜப்பானில் மோச்சி என்ற அரிசிப் பண்டம் இறுகிப் போகாமலிருக்க இதைச் சேர்க்கிறார்கள். நீண்ட இழைகளின் நுனிகள் சீவப்பட்டுவிட்டால் அவை மறுபடி ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு கெட்டியாவது குறையும்.

மால்ட்டோஸை நேரில் பார்க்க ஜப்பான்வரை போக வேண்டாம். ஈப்போவை ஒட்டிய குனோங் ராப்பாட்டில் ஹியோங் பியா வாங்கிக் கடித்துப் பாருங்கள். மொறுமொறு ஓட்டுக்குள் பல்லில் ஒட்டும் பழுப்புப் பூரணம், அதன் இழுவைக்குக் காரணம் மால்ட்டோஸ் பாகு. சீனர்கள் இதை ஆலை தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே காய்ச்சினார்கள். கோதுமையையோ பார்லியையோ முளைகட்டி, இடித்து, வெந்த பசையரிசியோடு பிசைந்து இளஞ்சூட்டில் வைப்பார்கள். முளையிலுள்ள அமைலேஸ்கள் அரிசி மாவைச் சீவித் தள்ளும், பிழிந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் பாகு. சர்க்கரைவள்ளிக்குள் சாம்பல் சூட்டில் நடப்பதும் இதுதான். அங்கே முளையும் அரிசியும் ஒரே தோலுக்குள் இருக்கின்றன.

கடந்த இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சிக்காரர்கள் மாவைக் கட்டும் நொதியையும் உடைக்கும் நொதியையும் இரண்டு திசையில் இழுத்திருக்கிறார்கள். மரவள்ளிக்கு நொதியைக் குறைத்தார்கள். கொலம்பியாவின் சியாட் ஆய்வு மையத்தார், அமைலோஸ் உண்டாக்கும் நொதி வேலை செய்யாத ஒரு மரவள்ளியை இயற்கையான மாற்றமாகவே கண்டெடுத்து 2007ல் வெளியிட்டார்கள். அதன் கூழ் தெளிவானது. குளிரூட்டி எடுத்தாலும் தண்ணீர் கக்காது. 2018ல் சூரிச்சில் மரபணுத் திருத்தம் மூலம் அதே விளைவைக் கொண்டுவந்தார்கள். சோளத்துக்கு நொதியைக் கூட்டினார்கள். சின்ஜென்டா நிறுவனத்தின் எனோஜன் சோளம், சூடு தாங்கும் ஆல்ஃபா அமைலேஸைத் தன் மணிக்குள்ளேயே சுமந்து வருகிறது. எரிசாராய ஆலைக்கென்றே செய்தது, 2011 பிப்ரவரியில் அமெரிக்க அரசு கட்டுப்பாட்டை நீக்கியது. இந்தச் சோளம் உணவுச் சோளத்தோடு கலந்தால் மாவு பிசுபிசுத்துப்போகும் என்று மாவு அரைப்பவர்கள் அப்போதே எதிர்த்தார்கள். சர்க்கரைவள்ளி மாவில் கூழ் காய்ச்சியவருக்கு அந்தக் கவலை புரியும். மரபணு வித்தை என்று வியக்கும் பலருக்கு, கத்தியை உள்ளேயே வைத்துப் பிறந்த கிழங்கு ஒன்று பிடோர் சாலையோரத்தில் குவித்துக் கிடப்பது தெரியாது.

தாப்பா, பிடோர், கம்பார் பக்கத்தில் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன மணலில் சர்க்கரைவள்ளி நன்றாக வருகிறது. மணல் இளகியிருப்பதால் கிழங்கு தடையில்லாமல் பருக்கும், பிடுங்குவதும் எளிது. சத்தில்லாத மண் என்பதால் எருவும் தண்ணீரும் கைவிட்டுப் போட வேண்டும். மலேசிய வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகமான மார்டி 2007ல் விட்டாத்தோ என்ற ஆரஞ்சு நிற ரகத்தைக் கொடுத்தது. ஜெண்டுட், ஜாலோமாஸ் போன்றவை அதற்கு முந்தியவை. பொரித்த கெலேடெக்காகவும், கூய் கெரியாவாகவும், புபோர் சாச்சாவில் மிதக்கும் துண்டாகவும் இந்தக் கிழங்கு விற்றுவிடுகிறது. அதே புபோர் சாச்சாவில் நிறம் நிறமாக வழுக்கும் துண்டுகள் மரவள்ளி மாவில் செய்தவை. ஒரே கிண்ணத்தில் இரண்டு கிழங்கும் இருந்தும், தேங்காய்ப்பாலில் போடும் சீனி யாருக்காகப் போடுகிறார்கள் என்று இனி உங்களுக்குத் தெரியும்.

பேராக்கில் மறுபடி மரவள்ளி மாவு ஆலை வைக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. என் தீர்ப்பு வேறு. கிழங்கைப் பிடுங்கிய மறுநாளே அரைக்கும் தூரத்தில், ஆலைக்குத் தீனி போடும் அளவுக்குப் பரந்த நிலம் செம்பனைக்கு நடுவே இனி அகப்படாது. அகப்பட்டாலும் தாய்லாந்து விலையோடு மல்லுக்கட்ட முடியாது. சிறு நிலக்காரருக்குச் சர்க்கரைவள்ளிதான் பொருந்தும். அதையும் மாவாக்கி விற்காமல், நொதி வேலை செய்ய விட்டு, சுட்ட கிழங்காகவும் பாகாகவும் விற்க வேண்டும். ஜப்பானிலும் கொரியாவிலும் மெல்லச் சுட்ட கிழங்குக்கு இருக்கும் மதிப்பை ஈப்போ இரவுச் சந்தையில் உண்டாக்குவது நடக்காத காரியம் அல்ல.

அடுத்த முறை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து பிடோரில் இறங்கினால் சர்க்கரைவள்ளி வாங்குங்கள். வாங்கிய அன்றே வேகவைக்க வேண்டாம், ஒன்றிரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், குளிர்பெட்டியில் வேண்டாம். பிறகு மிதமான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுடுங்கள். மரவள்ளி வாங்கினால் அன்றைக்கே தோலுரித்து, சிறு துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.